சுறாவுக்குத் தடை என்றால் எதற்குத் தடை?

உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் 2025 டிசம்பர் 5 அன்று, காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் 20ஆவது மாநாடு முடிந்தது. சுறா, திருக்கை இனங்கள் பலவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடுகள் முடிவாயின. அதன்பின் இங்கே பலருக்கும் குழப்பம். இனிமேல் சுறா பிடிக்கவே கூடாதா? சந்தையில் பால்சுறா விற்றால் குற்றமா? சுறாப் புட்டு சாப்பிடுகிறவர் சட்டத்தை மீறுகிறாரா? இந்தியாவில் ஏற்கெனவே ஒரு தடை இருந்ததே, அது வேறா, இது வேறா?

பதில்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே வரியில் சொல்ல முடியாது. பிடிப்பதற்கு ஒரு சட்டம், துடுப்பு ஏற்றுமதிக்கு ஒரு விதி, எல்லை தாண்டுவதற்கு ஓர் ஒப்பந்தம், நடுக்கடலுக்கு ஒரு ஆணையம் என்று நான்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது யாரைத் தொடும் என்று புரியும்.

சுறா ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது

மத்தி மீன் ஒரு வயதுக்குள்ளாகவே சினைக்கு வந்துவிடும், பல்லாயிரம் முட்டை இடும். ஒரு வருடம் பிடிப்பு குறைந்தாலும் கடல் ஒத்துழைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சுறாவின் கணக்கு வேறு. பெரும்பாலான சுறாக்கள் குட்டி போடுபவை, அதுவும் கொஞ்சமாக. வால் உடலளவு நீண்டிருக்கும் நீளவால் சுறாக்கள் ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிதான் ஈனும். ஆனைத்திருக்கை ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி, அதையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். பெரிய வெள்ளைச் சுறாவின் பெண் மீன் முதல் குட்டி போடும்போது அதற்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும்.

கீரைப் பாத்தியை அறுப்பதற்கும் தென்னந்தோப்பை வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் மத்திக்கும் சுறாவுக்கும்.

எல்லாச் சுறாவும் இப்படித்தான் என்று நினைக்கவும் கூடாது. குஜராத், மகாராஷ்டிரக் கரையில் ஏராளமாக வலையில் ஏறும் தட்டை மூக்குச் சிறு சுறா ஒன்றிரண்டு வயதிலேயே குட்டி போடத் தொடங்கிவிடும், ஓர் ஈற்றில் பத்துக்கு மேலும் போடும். அளவாகப் பிடித்தால் அந்த இனம் தாங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சட்டச் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

குறைந்தது எவ்வளவு

2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, 1970க்குப் பிறகு அரை நூற்றாண்டில் பெருங்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்திருக்கிறது. அதே காலத்தில் அவற்றின்மீது விழும் மீன்பிடி அழுத்தம் 18 மடங்கு கூடியது. அதே ஆண்டு வந்த இன்னொரு மதிப்பீடு, சுறா, திருக்கை, அவற்றின் உறவினங்கள் என்று சுமார் 1,200 இனங்களை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு காரணமே தேட வேண்டாம். அதிகப் பிடிப்பு ஒன்றுதான் காரணம். பவளப்பாறை அழிவும் கடல் சூடேறுவதும் மற்ற இனங்களுக்குக் கூடுதல் சுமை.

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் பெயர் பெற்ற அந்த இனத்துக்கு உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருபதுக்கும் குறைவான மாதிரிகளே உள்ளன. கடைசியாக உறுதிப்படுத்தப்பட்ட பதிவு 1979ஆம் ஆண்டுடையது.

சைட்டிஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

சைட்டிஸ் என்பது அருகிவரும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம். 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இலும் இலங்கை 1979இலும் சேர்ந்தன. இப்போது 185 உறுப்பினர்கள்.

இதன் அதிகாரம் எல்லைக் கோட்டில் தொடங்கி எல்லைக் கோட்டிலேயே முடிகிறது. காசிமேட்டில் கரையேறிய சுறா சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் விற்கப்பட்டால் சைட்டிஸுக்கு அதில் வேலை கிடையாது. அதே சுறாவின் இறைச்சியோ எண்ணெயோ தோலோ இன்னொரு நாட்டுக்குக் கிளம்பினால் அப்போது அது வந்து நிற்கும்.

இனங்களை மூன்று பின்னிணைப்புகளில் வைக்கிறார்கள்:

1. முதல் பின்னிணைப்பு: வணிக நோக்கில் நாடு தாண்டக் கூடாது. புலி, யானை வரிசை இது.
2. இரண்டாம் பின்னிணைப்பு: நாடு தாண்டலாம், ஆனால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும்.
3. மூன்றாம் பின்னிணைப்பு: ஒரு நாடு தன் எல்லைக்குள் காக்கும் இனத்துக்கு மற்ற நாடுகளின் ஒத்துழைப்பைக் கேட்டுச் சேர்ப்பது. சுறா விஷயத்தில் இதற்குப் பெரிய பங்கில்லை.

பட்டியலில் உள்ள சுறாக்களில் பெரும்பாலானவை இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. செய்திகளில் அதையும் தடை என்றே எழுதுவதால் வரும் குழப்பம்தான் அதிகம். அது தடை கிடையாது. ஆனால் அந்த அனுமதிச் சீட்டு சும்மா கிடைத்துவிடாது. இரண்டு விஷயம் தேறியாக வேண்டும்.

முதலாவது, மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டதா என்பது. இரண்டாவது, இந்த அளவு ஏற்றுமதியால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று நாட்டின் அறிவியல் அதிகார அமைப்பு சொல்ல வேண்டும். இதைக் கேடின்மை முடிவு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இப்படி ஒரு முடிவுக்கு வர, அந்த இனம் வருடத்துக்கு எவ்வளவு பிடிபடுகிறது, எந்த அளவில் பிடிபடுகிறது, எத்தனை வயதில் குட்டி போடுகிறது, கூட்டம் ஏறுமுகமா இறங்குமுகமா என்றெல்லாம் தெரிய வேண்டும். நம் துறைமுகங்களில் பல வருடமாகச் சுறா என்ற ஒரே தலைப்பின் கீழ் எடை போட்டு ஏலம் விட்டிருக்கிறோம். சுத்தியல் போலத் தலை அகன்ற கொம்பன் சுறாவில் மட்டுமே பல இனங்கள் உண்டு. இனம் பிரித்த கணக்கு இல்லாத இடத்தில் கேடு வராது என்று யார் கையெழுத்துப் போடுவது? போடவில்லை என்றால் ஏற்றுமதி இல்லை. அப்போது இரண்டாம் பின்னிணைப்பு நடைமுறையில் ஒரு தடையாகவே ஆகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாலோ, வெறும் காகிதம்.

இந்தியாவில் கடல் இனங்களுக்கான இந்த ஆய்வு வேலையில் கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பங்கு பெரியது. அதன் ஆட்கள் துறைமுகங்களில் ஏலத்துக்கு முன்னால் நின்று இனம் பார்த்து, நீளம் அளந்து எடுக்கும் கணக்குதான் அடிப்படை. கண்ணில் படாத வேலை, ஆனால் மாநாட்டுத் தீர்மானங்கள் எல்லாம் கடைசியில் இதன் மேல்தான் நிற்கின்றன.

இன்னும் இரண்டு நுணுக்கங்களைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, ஒத்த தோற்றம் பற்றிய விதி. காய்ந்த துடுப்பை வைத்துக்கொண்டு இது எந்தச் சுறா என்று சுங்க அதிகாரி எப்படிச் சொல்வார்? முழுத் துடுப்பு என்றால் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துச் சில இனங்களைக் கண்டுபிடிக்கலாம். தோலுரித்துப் பதப்படுத்தியபின் மரபணுச் சோதனைதான் வழி. அதனால், அபாயத்தில் உள்ள ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்க்கும்போது, அதைப் போலவே இருக்கும் மற்ற இனங்களையும் சேர்க்க ஒப்பந்தம் இடம் தருகிறது. 2022இல் பனாமா மாநாட்டில் நடந்தது அதுதான். கார்கரினிடே என்ற பெருங்குடும்பத்தில் 19 இனங்கள் ஆபத்தின் பேரிலும், 35 இனங்கள் தோற்ற ஒற்றுமையின் பேரிலும் ஒரே அடியில் உள்ளே வந்தன. 2023 நவம்பர் 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நம் பால்சுறாவும், முன்னால் சொன்ன தட்டை மூக்குச் சிறு சுறாவும் இந்தக் குடும்பத்தில் வருபவைதான். நல்ல நிலையில் உள்ள இனத்துக்கும் சீட்டு கேட்கிறார்களே என்று ஏற்றுமதியாளர் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவற்றை வெளியே விட்டால், ஆபத்தான இனங்கள் எல்லாம் அவற்றின் பெயரில் கப்பலேறிவிடும். 2020இல் ஹாங்காங்கில் எக்வடோரிலிருந்து வந்த இரண்டு கண்டெய்னர்களில் 26 டன் துடுப்பு பிடிபட்டது. ஏறக்குறைய 38,500 சுறாக்களின் துடுப்பு அது. பெரும்பாலும் பட்டுச்சுறாவும் நீளவால் சுறாவும். இரண்டும் பட்டியலில் இருந்தவைதான்.

இன்னொன்று, கடலிலிருந்து கொண்டுவருதல். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீர்ப்பரப்பு. அங்கே பிடித்த மீனை ஒரு படகு தன் சொந்த நாட்டுக்கே கொண்டுவந்தாலும் சைட்டிஸ் அதைப் பன்னாட்டு வணிகமாகவே எண்ணும். ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். முதல் பின்னிணைப்பு இனம் என்றால் விற்பதற்காக அங்கிருந்து கொண்டுவரவே முடியாது.

சமர்கண்டில் மாறியது

2002இல் திமிங்கலச் சுறாவும் கூர்மூக்கு மிதவைச் சுறாவும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்ந்தபோது தொடங்கியது இந்தக் கதை. 2013 பாங்காக் மாநாட்டில் கொம்பன் சுறாக்கள், 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் பட்டுச்சுறாவும் நீளவால் சுறாக்களும், 2019இல் ஜெனீவாவில் மாகோ சுறாக்களும், சுறாவைப் போல நீண்ட உடலுள்ள திருக்கைகளான உழுவை வகைகளும் என்று பட்டியல் வளர்ந்தது. நீளவால் சுறாக்களுக்கான முன்மொழிவை வைத்தது இலங்கை என்பது இங்கே பலருக்குத் தெரியாத செய்தி.

சமர்கண்டில் நடந்தவற்றில் நமக்குப் பொருள்படுபவை இவை:

1. வெண்முனைப் பெருங்கடல் சுறா, திமிங்கலச் சுறா, ஆனைத்திருக்கை வகைகள் ஆகியவை இரண்டிலிருந்து முதல் பின்னிணைப்புக்கு ஏறின.
2. உழுவை வகைகள் இரண்டாம் பின்னிணைப்பிலேயே இருக்கும், ஆனால் வணிகத்துக்காகக் காட்டிலிருந்து, அதாவது கடலிலிருந்து, பிடித்தவற்றின் ஏற்றுமதி அளவு சுழியம்.
3. ஆழ்கடலில் வாழும், ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் சுறாக் குடும்பம் ஒன்று இரண்டாம் பின்னிணைப்புக்கு வந்தது.

திமிங்கலச் சுறா முதல் பின்னிணைப்புக்குப் போனதால் இந்தியாவில் பெரிதாக எதுவும் மாறாது. இங்கே 2001இலிருந்தே அதைத் தொடக் கூடாது. ஆனைத்திருக்கையின் கதை அப்படியில்லை. அதன் செவுள் தட்டுகளுக்குச் சீனாவில் மருந்துச் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குச் சரக்கு போனதில் இலங்கை, இந்தியா, இந்தோனேசியா மூன்றுக்கும் பெரிய பங்கு. செவுள் வெளிநாட்டுக்கு, சதை உள்ளூர்க் கருவாட்டுக்கு என்று பிரிந்த வணிகம் அது. இதுவரை சீட்டோடு போக ஒரு கதவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஈரல் எண்ணெய்ச் சுறாவைப் பற்றி ஒரு சொல். ஸ்குவாலீன் என்ற பொருளுக்காக, அதாவது அழகுசாதனப் பொருட்களிலும் மாத்திரைகளிலும் சேர்க்க, இவற்றைப் பிடிக்கிறார்கள். மாலத்தீவில் 1980களில் இந்தப் பிடிப்பு சூடுபிடித்து இருபது வருடத்துக்குள் சரிந்து விழுந்தது. பின்னர் 2010இல் அந்த நாடு தன் கடல் முழுக்கச் சுறாப் பிடிப்பையே நிறுத்தியது. குளிர்ந்த ஆழத்தில் வளரும் உயிர் மிக மெதுவாகவே பெருகும், ஆகவே கொஞ்சம் பிடித்தாலே அதிகப் பிடிப்பாகிவிடுகிறது.

இந்தியச் சட்டம்: மூன்று தனித்தனிக் கதவுகள்

உள்நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் அடித்தளம். 2001 ஜூலையில் ஒன்றிய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் ஒரேயடியாக முதல் அட்டவணையில் போட்டது. அதாவது புலிக்குள்ள பாதுகாப்பு. கடற்கரை முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. வலையில் என்ன விழும் என்று மீனவரால் தீர்மானிக்க முடியாது, நாளைக்கு ஒரு திருக்கைக் குட்டிக்காகக் கைது செய்வீர்களா என்பது கேள்வி. அதே டிசம்பரில் அரசு பின்வாங்கியது. திமிங்கலச் சுறா, வேளா எனப்படும் வாள்சுறா வகைகள், கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா உள்ளிட்ட பத்து இனங்கள் மட்டும் அட்டவணையில் நின்றன.

அந்த ஐந்து மாதம் நடந்தது இன்றும் கொள்கை வகுப்போருக்கு ஒரு பாடம் என்று நினைக்கிறேன். கரையிலுள்ளவர்களைக் கேட்காமல் போட்ட சட்டம் சுறாவைக் காப்பாற்றவில்லை. அத்தோடு, அடுத்து வந்த ஒவ்வொரு பாதுகாப்பு முயற்சியையும் சந்தேகத்தோடு பார்க்கவும் வைத்துவிட்டது.

இன்றைய நிலை இது:

1. பிடிப்புத் தடை. 2022 திருத்தத்துக்குப்பின், 2023 ஏப்ரல் முதல் புதிய அட்டவணைகள் நடைமுறையில் உள்ளன. உழுவை வகைகள் சிலவும் சேர்ந்து பட்டியல் நீண்டிருக்கிறது. முதல் அட்டவணை இனத்தைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு வருடச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.
2. துடுப்பு ஏற்றுமதித் தடை. 2013இல் சுற்றுச்சூழல் அமைச்சகம், சுறாவைத் துடுப்போடு முழுசாகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. துடுப்பை மட்டும் அறுத்துவிட்டு உடலைக் கடலில் வீசும் வழக்கத்தைத் தடுக்க வந்தது அது. 2015 பிப்ரவரியில் வணிக அமைச்சகம் எல்லா இனச் சுறாத் துடுப்பின் ஏற்றுமதியையும் நிறுத்தியது. இந்தத் தடைக்கு இனம் ஒரு பொருட்டே இல்லை.
3. சைட்டிஸ் கதவு. 2022 திருத்தம் சைட்டிஸ் இனங்களுக்கென்று நான்காம் அட்டவணையையும் தனி அத்தியாயத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதுவரை ஒப்பந்தத்தைச் சுங்கச் சட்டமும் வெளிநாட்டு வணிகச் சட்டமும் வழியாகச் சுற்றிவளைத்துத்தான் செயல்படுத்தினார்கள்.

சரி, பால்சுறாவுக்கு வருவோம். அது முதல் அட்டவணையில் இல்லை. பிடிக்கலாம், சந்தையில் விற்கலாம், புட்டும் செய்யலாம். அதன் துடுப்பை ஏற்றுமதி செய்ய முடியாது. இறைச்சியை ஏற்றுமதி செய்வதென்றால் சைட்டிஸ் சீட்டு வேண்டும். ஒரே மீன், மூன்று பதில். உழுவை மீனோடு ஒரு படகு கரைக்கு வந்தால், எந்த உழுவை என்பதைப் பொறுத்து அது சாதாரணப் பிடிப்பாகவும் இருக்கலாம், ஜாமீன் கிடைக்காத வழக்காகவும் ஆகலாம். படகுக்காரர் கையில் அந்த வேறுபாட்டைக் காட்டும் படத்தாளாவது இருக்க வேண்டாமா?

கள்ளக் கடத்தல் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018இல் மும்பையிலும் வெராவலிலும் வருவாய்ப் புலனாய்வுத் துறை 8,000 கிலோ துடுப்பைப் பிடித்தது.

துடுப்பை மட்டுமே பார்த்ததன் விலை

இருபது வருடமாக உலகின் கோபம் முழுக்கத் துடுப்பு சூப்பின் மேல் இருந்தது. அதில் தவறில்லை. துடுப்பில் இருக்கும் நூல் போன்ற இழைகளுக்குச் சுவையே கிடையாது, சூப்பின் சுவை அதோடு வேகும் கோழியிலிருந்து வருவது. அந்த இழைக்காகக் கோடிக்கணக்கில் சுறாக்கள் செத்தன. அதனால் நாட்டுக்கு நாடு துடுப்பறுப்புத் தடைச் சட்டங்கள் வந்தன.

அப்புறம் 2024 ஜனவரியில் சயன்ஸ் இதழில் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம் குழுவின் ஆய்வு வந்தது. 2012க்கும் 2019க்கும் இடையே இத்தகைய சட்டங்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகின. அதே காலத்தில் மீன்பிடியில் சாகும் சுறாக்களின் எண்ணிக்கை வருடத்துக்கு 7.6 கோடியிலிருந்து 8 கோடிக்கு மேல் ஏறியது. அதில் சுமார் இரண்டரைக் கோடி, அழியும் அபாயத்திலுள்ள இனங்களைச் சேர்ந்தவை.

ஏன் இப்படி? காரணத்தை இப்படி அடுக்கலாம்:

1. துடுப்போடுதான் கரைக்கு வர வேண்டும் என்றால், உடலும் கரைக்கு வரும்.
2. வந்த உடலை வீணாக்க யாரும் விரும்பமாட்டார்கள். இறைச்சிக்குச் சந்தை பிறக்கிறது.
3. இறைச்சிக்கு விலை வந்தபின், துடுப்புச் சந்தை சுருங்கினாலும் சுறாவைப் பிடிப்பதில் லாபம் குறையாது.

2012 முதல் 2019 வரையான உலக வணிகக் கணக்கில் சுறா, திருக்கை இறைச்சியின் மதிப்பு 260 கோடி டாலர், துடுப்பின் மதிப்பு 150 கோடி டாலர். இறைச்சி எப்போதோ முந்திவிட்டது. துடுப்பறுப்புத் தடை கொடூரத்தைக் குறைத்தது, எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அதே ஆய்வு, சுறாப் பிடிப்பையே நிறுத்திய நாடுகளின் கடலிலும், சில இனங்களைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்த நடுக்கடல் பகுதிகளிலும் சாவு குறைந்ததைக் காட்டியது. கரையோரப் பகுதிகளில்தான் கூடியது.

இந்தியாவுக்கு இது இன்னும் நெருக்கம். உலகில் அதிகச் சுறா பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியா, ஸ்பெயின், இந்தியா மூன்றும் தொடர்ந்து மேலே இருக்கின்றன. ஆனால் நாம் பிடிக்கும் சுறாவின் இறைச்சியில் பெரும்பகுதி இங்கேயே பச்சையாகவும் கருவாடாகவும் தீர்ந்துவிடுகிறது. சைட்டிஸ் நிற்பது ஏற்றுமதி வாசலில். நம் சுறா அந்த வாசலுக்கே போவதில்லை.

வலையில் விழுவது

இன்னொரு உண்மையும் உண்டு. சுறாவைத் தேடிப் போகும் படகு நம் கடலில் மிகக் குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். கொச்சியில் கரையேறும் பெரிய சுறாக்களில் அவர்கள் பங்கு கணிசம். மற்றபடி, இறாலுக்குப் போன இழுவைப் படகிலும், சூரைக்கும் சீலாவுக்கும் போட்ட செவுள்வலையிலும் கூடவே அகப்படுபவைதான் அதிகம். அதிலும் குட்டிகள் நிறைய, ஏனென்றால் பல சுறா இனங்கள் கரையோர ஆழமில்லாத நீரில்தான் குட்டி போடுகின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலம் அந்த நாட்களில் குட்டிகளுக்கு மூச்சுவிட இடம் தரும். ஆனால் பத்து வருடம் கழித்துக் குட்டி போடப்போகிற ஒரு கொம்பன் சுறா, அதற்குள் பத்துத் தடைக்காலங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட பத்து மீன்பிடிப் பருவங்களையும் தாண்டியாக வேண்டும்.

நடுக்கடலில் சூரைக்கான தூண்டிலைக் கண்காணிப்பது சீஷெல்ஸ் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். நீளவால் சுறா, வெண்முனைச் சுறா, ஆனைத்திருக்கை ஆகியவற்றைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அது தீர்மானங்கள் போட்டிருக்கிறது. இலங்கை 2012இல் நீளவால் சுறாக்களுக்கும், 2015இல் வெண்முனைச் சுறா, திமிங்கலச் சுறா ஆகியவற்றுக்கும் தன் சட்டத்திலேயே தடை கொண்டுவந்தது.

வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சாகக் கூடாது என்பதும் ஒன்றாகிவிடாது. கொம்பன் சுறா தூண்டிலில் சிக்கிய கொஞ்ச நேரத்திலேயே துடித்துச் செத்துவிடும் வகை. நீளவால் சுறாவும் தாங்காது. செத்த மீனை விதிப்படி கடலில் போடலாம், அதனால் இனம் பெருகாது. நீலச்சுறா மாதிரி தாக்குப்பிடிக்கும் இனங்களுக்குத்தான் விடுவிப்பு உண்மையில் பயன்படும். எனவே சிக்குவதையே குறைக்க வேண்டும். தூண்டில் முள்ளுக்கு மேல் கம்பிக்குப் பதில் நைலான் இழை கட்டினால் பல சுறாக்கள் கடித்துக்கொண்டு ஓடிவிடும். சூரை கடித்து அறுக்காது. மேற்கு, மத்திய பசிபிக்கின் சூரை ஆணையம் 2022இல் வெப்பமண்டலப் பகுதியில் அந்தக் கம்பியையே தடை செய்தது. செலவு குறைந்த மாற்றம் அது. அறுந்துபோகும் தூண்டிலின் நஷ்டம் மட்டும் மீனவர் தலையில் விழும்.

பலன் கிடைத்த இடங்கள்

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் பசைச்சுறா என்று அழைக்கப்படும் ஒரு சின்னச் சுறாவைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். இனம் சரியவில்லை. அங்கே வலைக்கண்ணின் அளவு நடுத்தர வயது மீனை மட்டுமே பிடிக்கும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. குட்டி நுழைந்து போய்விடும், பெரிய தாய்ச்சுறாவின் தலை வலைக்கண்ணுக்குள் போகாது. அதோடு வருடாந்தர அளவு வரம்பும் உண்டு. 2017இல் வந்த ஓர் ஆய்வு உலகில் இப்படி நிலைத்து நிற்கும் பிடிப்பு 33 சுறா, திருக்கை இனங்களில் இருப்பதாகக் கண்டது. உலகப் பிடிப்பில் அது சுமார் 9 விழுக்காடு. குறைவுதான், ஆனால் சுறாவைப் பிடித்தாலே அழிவு என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

வட அட்லாண்டிக் மாகோ சுறா எதிர்த் திசையில் நிற்கும் உதாரணம். அங்கே ஒன்றுகூடப் பிடிக்காவிட்டாலும், 2045இல் கூட்டம் மீள்வதற்கான வாய்ப்பு 53 விழுக்காடுதான் என்று அட்லாண்டிக் சூரை ஆணையத்தின் அறிவியலாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். அதற்கு அப்புறமும் தடைக்கு நாடுகள் ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

குஜராத்தில் 1990களில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்கும் ஏற்றுமதி இறைச்சிக்கும் கொன்றார்கள். 2001 தடைக்குப் பிறகும் வலையில் அது சிக்குவது நிற்கவில்லை. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து இயக்கம் தொடங்கின. கதை சொல்லும் சாமியார் மொராரி பாபு ஊர் ஊராக, இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று பேசினார். பேச்சோடு நிறுத்தவில்லை. மீனை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு வனத்துறை நஷ்டஈடு கொடுத்தது. படம் எடுத்து அனுப்பினால் போதும், அதுவே சான்று என்று பின்னாளில் ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை 900க்கு மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் அந்தக் கரையில் விடுவிக்கப்பட்டிருக்கின்றன.

உழுவைக்கோ கொம்பன் சுறாவுக்கோ இதே ஏற்பாடு எடுபடுமா என்பது திறந்த கேள்வி. திமிங்கலச் சுறாவைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், அது வலையில் உயிரோடும் இருக்கும். ஒன்றரை மீட்டர் உழுவை, நான்கு மணி நேரம் இழுத்த மடியிலிருந்து தளத்தில் கொட்டும்போது, மற்ற மீன்களோடு மீனாகக் கிடக்கும். ஆனாலும் உழுவைகள் அடித்தளத்தில் படுத்தபடியே மூச்சுவிடக்கூடியவை. கடலுக்குத் திருப்பி அனுப்பினால் பிழைக்க வாய்ப்பு கொம்பனைவிட அதிகம். அதை விடுவிக்கும் படகுக்கு ஏலத்தில் இழக்கும் தொகையை யார் கொடுப்பது என்பதற்குத் தமிழ்நாடோ ஒன்றிய அரசோ ஒரு கணக்குத் தலைப்பு திறந்தால், சமர்கண்டில் போட்ட தீர்மானம் முதல்முறையாக விசைப்படகின் தளத்துக்கு வந்து சேரும்.